மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு

பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தப் பொல்லாத காலம் ஒருவழியாக முடிந்து, அடுத்து வந்த மாசி மாதத்தில் நடந்தது இது. எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டிய ஊரிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. பாதி தேயிலை, பாதி ரப்பர். நான் மேல் டிவிஷன் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பஜாருக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். பன்னிரண்டு வருடமாக இதே ரோடு, இதே வண்டி. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன் என்று ஆட்டோ ஸ்டாண்டில் பீற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. நான் சொல்லப்போகும் விஷயத்தில் என் கண், காது, மூக்கு மூன்றும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. தலை மட்டும் வேலை செய்யவில்லை.

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து இரண்டு தடவை தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வாய் கிழியப் பேசுகிற ஆளுக்கு இதை எழுதும்போது கை வரமாட்டேன் என்கிறது.

அந்த நாட்களில் புது எஞ்சின் ஒயில் என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கைக்கெட்டாத சாமானாகிவிட்டது. மூவாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஐயாயிரம், ஆறாயிரம் என்று இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பஜார் முனையில், சலூனுக்குப் பக்கத்தில், ஒரு பெண் சின்னதாக ஒரு கடை போட்டாள். பல்பு, பிரேக் கேபிள், ஃபில்டர் என்று பொடிச் சாமான்கள். அவற்றோடு ஒரு நீல நிற டிரம்மில் மறுசுழற்சி ஒயில். பெல்மதுளைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவனுக்குக் கொழும்பில் ஒரு ஸ்டோரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்தக் கடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

மறுசுழற்சி ஒயில் என்றதுமே ஸ்டாண்டில் முதலில் சிரித்தது நான்தான். எவனோ ஒருத்தன் வண்டியிலிருந்து இறக்கிய கரியைப் பழைய சாரத் துணியில் வடித்து, டின்னில் அடைத்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்று சொன்னேன். ஒயிலைப் பற்றிப் பொம்பிளைக்கு என்ன தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே மூன்று மாதமாக அவளிடம் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் எனக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. வெள்ளைக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் அந்தக் கடைக்குப் போனேன். போன இடத்திலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இது யார் வீட்டு வண்டியில எறக்கின ஒயில் தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க எங்க அண்ணே, தோட்டமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "அப்ப உங்களுக்கு லேசா வெளங்கும். மரத்துல காஞ்சு கெடக்கிற ஒட்டுப்பால பொறுக்கிட்டு வந்து, கழுவி, மிசின்ல போட்டு எடுத்தா ரப்பர்தானே? அதுக்காக யாரும் அத குப்பைன்னு சொல்றதில்லையே. சும்மா துணியில வடிக்கிறது வேற. இது பெக்டரியில காய்ச்சி, தண்ணி அழுக்கெல்லாம் எடுத்து, சேக்க வேண்டிய மருந்து சேத்து, பரிசோதிச்சு அனுப்புறது" என்றாள்.

என் அப்பா ரப்பர் வெட்டினவர். ஒட்டுப்பால் பொறுக்கிய காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது. அவள் சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. அடுத்தவர் சொல்வது சரியாக இருந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

"கிளாஸ்ல கொஞ்சம் ஊத்திக் காட்டவா அண்ணே? வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க" என்றாள். அதே நேரம் எனக்கு ஒரு ஹயருக்கு, சவாரிக்குத்தான், ஃபோன் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தெருப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் டிரம் குழாயைத் திறந்து கேனை நிரப்பி, மூடியை இறுக்கி, நகத்துக்குப் பூசுகிற சிவப்புச் சாயத்தை எடுத்து மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

"ஒயிலுக்குப் பொட்டு வைக்கிற கடைய இப்பத்தான் பாக்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளக் கேன்தான் கொண்டு வாறீங்க அண்ணே. வீட்டுல நாலு கேனு கெடக்கும். பொட்டு இருந்தா என் ஒயிலுன்னு தெரியுமில்ல" என்றாள்.

அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பொட்டைக் கேலி செய்ததோடு சரி.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வைகாசியில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழா. சாமி சுற்றி வரும்போது இரண்டு பக்கமும் பந்தம் பிடித்துப் போவோம். பந்தத்துக்கு ஊற்ற நல்ல எண்ணெய் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், இறக்கிய கறுப்பு ஒயிலைக் கொட்டாமல் சேர்த்து வைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது எங்கள் டிவிஷனில் வழக்கம். நானும் வருடம் தவறாமல் ஒரு கேன் கொடுப்பேன். மற்றவர்கள் அப்படியே கொடுப்பார்கள். நான் கொஞ்சம் கெட்டிக்காரன் அல்லவா, பந்தம் சட்டென்று பிடிக்கட்டும் என்று அதில் தாராளமாக மண்ணெண்ணெயும் கலந்து கொடுப்பேன். அந்த வருடத்து வெள்ளைக் கேனும் தயாராக வீட்டுச் சுவரோரம் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த கேனையும் அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

அன்று பொழுது சாய்கிற நேரம், கோயில் கமிட்டியில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, வைகாசிக்கு முன்கூட்டியே ஒயில் சேகரித்துக்கொண்டு வந்தான். நல்ல மழை. கரண்டும் இல்லை. அவன் குடையோடு வாசலிலேயே நின்றான். நான் உள்ளே இருந்தபடியே கையை நீட்டி ஒரு கேனை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைக் கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் மற்றக் கேன்களோடு வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஆறரைக்கு எனக்கு ஒரு ஹயர். இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவைக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொழுந்து எடுக்கிற அக்கா அவர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, இலைக்கும் முற்றலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கங்காணியிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்கு அன்றுதான் நாள் கிடைத்திருந்தது. தூரப் பயணம் என்பதால், போவதற்கு முன்னே ஒயிலை மாற்றிவிடுவோம் என்று விடிந்ததும் எழுந்து பழையதை இறக்கினேன். சுவரோரம் இருந்த கேனைத் திறந்து புனலில் ஊற்றினேன்.

கறுப்பாக வந்தது. தண்ணீர் போல ஓடியது. மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

இப்போது நினைத்தாலும் எனக்கு என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. அந்த நிறமும் அந்த வாடையும் என் கையால் நானே கலந்தவை. வருடா வருடம் கலந்து பழக்கப்பட்டவை. என் மனதில் ஒரு நொடிகூட அது தட்டவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். நான் அன்றே சொன்னேனே, இதுதான் இவர்கள் விற்கிற மறுசுழற்சி. நான் பந்தத்துக்குக் கலக்குகிறதை இவள் எஞ்சினுக்குக் கலந்து விற்கிறாள். என் பேச்சு சரியாகிப் போனதில் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் ஏன் ஊற்றினாய் என்று நீங்கள் கேட்கலாம். பழையது இறக்கியாகிவிட்டது, கோயிலுக்குத்தான் கொடுத்தாயிற்றே என்று பிடித்து வைக்காமல் விட்டது மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. அக்கா சேலை கட்டி, பையோடு வந்து நின்றுவிட்டார். இந்த ஒரு ஹயர் போய்வந்துவிடுவோம், திரும்பி வந்து அவளைக் கவனித்துக்கொள்வோம் என்று முழுவதையும் ஊற்றி மூடினேன்.

பஜாரைத் தாண்டி, கேகாலை ரோட்டில் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. அதில் பாதி ஏறும்போதே டக் டக் என்று சத்தம் கேட்டது. வேகம் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் இறுகி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. கிக்கரை இழுத்துப் பார்த்தால் அசையவே இல்லை. அக்காவை பஸ் ஏற்றி அனுப்பலாம் என்று ரோட்டோரம் காத்து நின்றோம். வந்த பஸ்ஸும் நேரம் கழித்துத்தான் வந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது அன்றைய ஆபரேஷன் பட்டியல் முடிந்துவிட்டது. வைகாசி கடைசிக்கு வேறு நாள் போட்டுக் கொடுத்தார்களாம். சாயங்காலம் வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டு அவர் அழுததை நான் பார்த்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்து நம்ம பாஸின் கராஜில் கொண்டுபோய் விட்டோம்; மெக்கானிக்கை இங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் சிங்களவர், என்னை மல்லி, தம்பி, என்றுதான் கூப்பிடுவார். ஒயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "மேக்கே பூமிதெல் தியெனவா, மல்லி" என்றார். இதில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதே என்று முகம் சுளித்தார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். கடையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தானும் அங்கேதான் வாங்குவதாகவும், தன்னுடைய பைக்குக்கும் அதையே ஊற்றுவதாகவும், இதுவரை ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். வேறு எதுவோ மாறிப்போயிருக்கும், வீட்டில் போய்ப் பார் என்றும் சொன்னார்.

அவர் பேச்சு முடிவதற்குள் நான் கராஜை விட்டு இறங்கி நடந்துவிட்டேன். நேரே அவள் கடைக்கு.

அன்று சந்தை நாள். பஜாரில் நல்ல கூட்டம். நான் கடைக்குள் போகவில்லை, ரோட்டிலேயே நின்று கத்தினேன். எங்கள் ஸ்டாண்ட் ஆட்கள் வந்து சுற்றிலும் நின்றார்கள். என்னென்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏமாற்றுக்காரி என்றேன். புருஷன் பக்கத்தில் இல்லாததால்தான் இந்தத் துணிச்சல் என்றேன். அதற்கும் ஒயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்ட அக்காவும் மறுநாள் பஜாருக்கு வந்து, கடை வாசலில் மண்ணை அள்ளித் தூற்றி, கண்ணில்லாமல் நான் கஷ்டப்படுவது போல நீயும் படுவாய் என்று சாபம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சந்தையில் நான் கத்தி ஓய்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க ஊத்தின கேனக் கொண்டு வாங்க அண்ணே. மூடியப் பாப்போம்."

"கேனப் பாத்து ஜோசியம் சொல்லப் போறியா?" என்றேன். ஸ்டாண்ட் ஆட்கள் சிரித்தார்கள். அவளுடைய மூத்த பெண், பள்ளிக்கூட உடுப்போடு உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டதும் அது தலையைக் குனிந்துகொண்டது. கேன் என் வீட்டு வாசலில்தான் கிடந்தது. அன்று போய் எடுத்து வந்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும்.

அதன் பிறகு ஸ்டாண்டிலிருந்து ஒருவரும் அவளிடம் ஒயில் வாங்கவில்லை. மூன்று மாதமாக ஊற்றிய இரண்டு பேரும்கூட வாயைத் திறக்கவில்லை. தோட்டத்து ட்ராக்டர்காரர்கள், பைக் வைத்திருக்கும் பையன்கள் எல்லாரிடமும் நானே போய்ச் சொன்னேன். ஒரு மாதத்தில், அவளுக்கு ஒயில் கொடுக்கும் ஏஜென்ட் வந்து, கலப்படம் செய்கிறாய் என்று புகார் இருக்கிறது என்று நீல டிரம்மை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். டிரம் இருந்த இடத்தில் அவள் குடையும் பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பியும் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றை யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. நான் அந்தப் பக்கமாக நடந்து போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவேன். ஊருக்கு ஒரு நல்லது செய்தவன் நான்.

வைகாசி வந்தது. கோயிலில் காப்புக் கட்டினார்கள். நானும் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினவன் மாமிசம் தொடமாட்டான், பொய் சொல்லமாட்டான், யார் மனதையும் நோகடிக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம், பந்தம் தயார் செய்யும் வேலை எனக்கும் மச்சானுக்கும். அவன் கம்பியில் பழந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கொட்டகையிலிருந்து கேன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பாதியாக வெட்டிய பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ எடுத்த கேனின் மூடியில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது.

கேனைக் கீழே வைத்தேன். பிறகு மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாடை இல்லை. சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டேன். தேன் நிறத்தில், கைரேகை தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அவள் கிளாஸில் ஊற்றிக் காட்டவா என்று கேட்ட ஒயில். மழையில் மச்சான் குடையோடு நின்றது, நான் பார்க்காமல் கையை நீட்டியது, காலையில் கறுப்பாக ஊற்றியது என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

மச்சான் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். "ஊத்துங்க மச்சான், என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டைவிரல் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினேன். துகள் துகளாக வந்தது. அது முழுக்கப் போகும்வரை சுரண்டிவிட்டு, கேனைக் கவிழ்த்து அந்த நல்ல ஒயிலைக் கறுப்பு ஒயிலோடு ஊற்றினேன். இரண்டு சுற்றுக் கலக்கியதும் எல்லாம் ஒரே கறுப்பு. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. கேனை மற்ற வெறும் கேன்களோடு குப்பையில் போட்டுக் கொளுத்தினோம். நான்தான் நெருப்பு வைத்தேன்.

மறுநாள் பந்தங்கள் நன்றாக எரிந்தன. சாமிக்கு வலது பக்கம் நான் பந்தம் பிடித்து நடந்தேன். எல்லாரும் சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோற்றைத் தட்டோடு தள்ளி வைத்தேன். மனைவி கேட்டதற்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் போல அப்படியே ஓடிற்று. அக்காவின் புது நாள் வந்தது. என் வண்டியும் அதற்குள் சரியாகியிருந்தது. அன்று காலை பஜாரை நெருங்கும்போது அக்கா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "தம்பி, அந்த ஒயில்காரப் புள்ள கடையில ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை.

"கண்ணுல கத்தி வைக்கப் போறாங்க. மனசுல பாரத்தோட போக எனக்குப் பயமா இருக்கு. அவ தப்பே செஞ்சிருந்தாலும், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீட்டு வாசல்ல நான் மண்ணத் தூத்தியிருக்கக் கூடாது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் அவள் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா இறங்கி, தட்டுத் தடுமாறி நடந்துபோய், விளக்குமாறு பிடித்திருந்த அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்வதைப் பார்த்தேன். அவள் பதறிப்போய், "ஐயோ வேணாங்க, நீங்க பெரியவங்க" என்று சொல்வது கேட்டது. அவர்கள் இருவரும் அழுதார்கள். ஒரு குற்றமும் செய்யாதவளிடம், ஒரு குற்றமும் செய்யாத இன்னொருத்தி மன்னிப்புக் கேட்கிறாள். எல்லாவற்றையும் செய்தவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இறங்கிப் போனேன். அவள் என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடி எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேன் மாறினதைச் சொன்னேன். மண்ணெண்ணெய் கலந்தது நான்தான் என்பதைச் சொன்னேன். கோயிலில் பொட்டைச் சுரண்டினதையும் சொன்னேன். அக்கா என் முகம் இருந்த திசையைப் பார்த்தபடி நின்றார்.

அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு மெதுவாக, "அந்தக் கேன் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"ஒயிலு?"

பந்தத்தில் எரிந்துவிட்டது என்றேன்.

"அது இருந்திருந்தா ஏஜென்டுக்கிட்டக் காட்டியிருப்பேன். பொட்டும் என்னோடது, ஒயிலும் நல்ல ஒயிலுன்னு அவங்களே பரிசோதிச்சுப் பாத்திருப்பாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நிரபராதி என்பதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே சாட்சியை நான்தான் நகத்தால் சுரண்டி, கலக்கி, கொளுத்தியிருந்தேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அன்றே ஏஜென்டைத் தேடிப் போனேன். நானே என் வாயால் சொல்கிறேன், எழுதித் தருகிறேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அன்றைக்கு ஒரு மாதிரிச் சொன்னீர்கள், இன்றைக்கு ஒரு மாதிரிச் சொல்கிறீர்கள், இதில் எதை நம்புவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கடைசியில் கராஜ் பாஸ் வந்து அவளுக்காகப் பேசிய பிறகுதான், பாதி டிரம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று இறங்கி வந்தான்.

ஸ்டாண்டில் சொன்னதுதான் இன்னும் மோசம். எல்லாரும் சுற்றி நிற்கும்போது சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மனுக்கு நல்ல ஒயில், ஆட்டோவுக்குப் பந்தம் என்று இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். ஆனால் அவளைத் திட்டும்போது வந்த வேகம், அவளிடம் திரும்பப் போவதில் ஒருவருக்கும் வரவில்லை. எதுக்கு அண்ணே வம்பு, பழகினது பழகிப்போச்சு என்றார்கள். அன்று ஊர் முழுக்கச் சொல்ல எனக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. இன்று நாலைந்து பேரைத் திருப்பிக் கூட்டிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவுக்கு இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. என்னிடம் பேசுவதற்கு அவருக்கு ஆறு மாதம் பிடித்தது.

நான் இப்போது அவளிடம்தான் ஒயில் வாங்குகிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது, சத்தமும் சுத்தம். முன்பு அவள் காட்டவா என்று கேட்பாள், சரி என்றால்தான் ஒயிலைக் காட்டுவாள். இப்போது வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிக் கிளாஸில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் கேனை நிரப்புகிறாள். அந்தப் பழக்கம் யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் தடவை எனக்கும் கிளாஸை நீட்டியபோது, "எனக்கு வேணாம் தங்கச்சி, நான் நம்புறேன்" என்றேன்.

"இல்ல அண்ணே, பாத்துக்கங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கிளாஸை வாங்கி, வெயில் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். அதன் வழியாக ரோடு தெரிகிறது, நான் அன்று நின்று கத்திய இடமும் தெரிகிறது. பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினால்தான் அவள் கிளாஸைத் திருப்பி வாங்கிக்கொள்கிறாள். அன்று ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியத்தை, இனி நான் வண்டி ஓட்டுகிற காலம் முழுக்க இப்படி ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.